ஊர்ச் செய்தியை ஊரே சொல்லும் வானொலி

கரிசல் காட்டுக்கும் கடற்கரைக்கும் பயன்படும் சமுதாய ஒலிபரப்பு

கிழக்கே மன்னார் வளைகுடா. மேற்கே கரிசல் காடு. இரண்டுக்கும் நடுவே மணற்பாங்கான நிலத்தில் பனங்கூட்டம். தூத்துக்குடி மாவட்டத்தின் வட எல்லையில், விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள வேம்பார் இவ்வாறு அமைந்த ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு பெரிய கடற்றுறை ஊர்களில் ஒன்றாகப் பழங்காலந்தொட்டு எண்ணப்படுவது. கருப்பட்டிக்குப் பெயர்போனது.

இந்த ஊரையும் சுற்றுப்பட்டிகளையும் நம்பி வாழ்வோர் மூன்று வகையினர். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், பனை ஏறுகிறவர், வானம் பார்த்த பூமியில் விதைக்கிறவர். மூவர் தொழிலும் வேறு. ஆனால் மூவருக்கும் ஒரே குறை உண்டு. வேண்டிய செய்தி வேண்டிய நேரத்தில் வந்து சேருவதில்லை. காற்று எப்போது திரும்பும், மழை எப்போது இறங்கும், பயிரில் விழுந்த பூச்சிக்கு என்ன செய்வது என்பதெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் தெரிந்தே இருக்கிறது. அது பட்டிக்காட்டுத் திண்ணைக்கு வருவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க ஊர் மக்களே பேசி, ஊர் மக்களே கேட்கும் சமுதாய வானொலி ஒரு நல்ல வழியாகும். அது என்ன, எப்படி இயங்குகிறது, சிறு விவசாயிக்கு அதனால் என்ன லாபம் என்பதைக் காண்போம்.

பிந்திய செய்தியால் வந்த நட்டம்

2018-ம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கப் படைப்புழு கர்நாடக மாநிலத்து மக்காச்சோளத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதே ஆண்டு மழைப் பருவத்தில் அது தமிழ்நாட்டிலும் பரவிவிட்டது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பகுதிகளில் மானாவாரி மக்காச்சோளம் போட்டிருந்தவர்களுக்குப் பலத்த அடி. குருத்தில் ஓட்டை விழுந்ததைக் கண்டபோது பலர் அதை வழக்கமான தண்டுப்புழு என்றே எண்ணினர். கடையில் கொடுத்த மருந்தை வாங்கி மேலாகத் தெளித்தனர். புழுவோ குருத்துக்குள் பத்திரமாக இருந்தது. அது இன்ன புழு, முட்டைப் பருவத்திலேயே கண்டால் கையால் நசுக்கிவிடலாம் என்ற செய்தி பரவுவதற்குள் பயிர் கைவிட்டுப் போயிற்று.

கடலில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை எட்டாத தொலைவில் பல படகுகள் இருந்தன. கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் கரை திரும்பவேயில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் விழுந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மேலே போக வழியின்றி நின்றது. பல இடங்களில் மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இயங்கவில்லை. கையில் விலை உயர்ந்த போன் இருந்தும் பக்கத்து ஊரில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அத்தகைய நேரத்தில் இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடும் சிறிய ரேடியோப் பெட்டி போதும். செய்தி சொல்ல அருகில் ஒரு நிலையம் இருந்தால் அது பேசும்.

வானொலி வளர்த்த நெல்

வானொலிக்கும் உழவருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1941-ல் கனடா நாட்டில் பண்ணை வானொலி மன்றங்கள் தோன்றின. அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர். பின்னர் தமக்குள் விவாதித்து, சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவர்.

இந்தியாவில் 1956-ல் யுனெஸ்கோ உதவியுடன் புனே பகுதியில் சுமார் 150 கிராமங்களில் இதே முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒவ்வொரு கிராமத்திலும் ஏறத்தாழ 20 பேர் கூடிக் கேட்டனர். வெறுமனே கேட்ட கிராமங்களைவிட, கேட்டு விவாதித்த கிராமங்களில் அறிவும் செயலும் நன்கு வளர்ந்திருந்தன என்று ஆய்வில் தெரிந்தது. கேள், பேசு, செய் என்பதே இம்முறையின் சாரம்.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. 1960-களில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றி விடாமல் எடுத்துக் கூறின. தஞ்சை விவசாயிகள் கேட்டனர், விதைத்தனர். விதை வாங்கப் போனபோது ரகத்தின் எண்ணைச் சொல்லாமல் "ரேடியோ நெல்" என்றே கேட்டனர். அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியும் தென் மாவட்ட விவசாயிகளுக்குப் பல்லாண்டுகளாகத் துணை நிற்கிறது.

ஆனால் பெரிய நிலையத்துக்கு ஓர் எல்லை உண்டு. தாமிரபரணிப் பாசனத்து நெல்லுக்கும், வாழைக்கும், கரிசல் பருத்திக்கும், குமரி ரப்பருக்கும் அது ஒருசேரப் பேச வேண்டும். சூரங்குடிப் பக்கத்தில் நேற்று எத்தனை உழவு மழை பெய்தது, எந்த ஊரணியில் தண்ணீர் நிற்கிறது என்று அது தனித்தனியே சொல்ல இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவதே உள்ளூர்க் குரல்.

ஒலிபெருக்கி காத்த ஊர்

உள்ளூர்க் குரலின் மதிப்பை நல்லவாடு என்ற ஊர் உலகுக்கே காட்டியது. புதுச்சேரியை அடுத்த கடற்கரைக் கிராமம் அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தி வந்தது. கடற்கரை ஊர்களில் அன்றன்றைய அலை உயரத்தையும் காற்றின் போக்கையும் ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவிப்பது இந்த மையங்களின் வேலைகளில் ஒன்று.

2004 டிசம்பர் 26-ம் தேதி காலை. சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் கடல் கொந்தளிப்புப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்குப் போன் செய்தார். ஊரிலோ கடல் நீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் அறிவு மையத்தைத் திறந்து, அலை அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில் "எல்லோரும் வெளியேறுங்கள்" என்று கூவினர். படகும் வலையும் வீடும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஒலிபெருக்கி ஆபத்துக்கென்று வாங்கி வைத்ததன்று. நாள்தோறும் அலை உயரம் சொன்னது. அதனால் கருவி பழுதின்றி இருந்தது, யார் பேச வேண்டும் என்பது தெரிந்திருந்தது, அந்தக் குரலை ஊர் நம்பியது. நாள்தோறும் ஓடும் மோட்டார்தான் கோடையில் கைகொடுக்கும் என்பது விவசாயிகள் அறிந்ததே.

சமுதாய வானொலி என்பது யாது?

வானலை பொதுமக்களின் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பின் கல்வி நிறுவனங்களுக்குச் சிறு வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-ம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையம்தான் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி. 2006 நவம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டு, தொண்டு நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவையும் நடத்தலாம் என்று ஆயிற்று. இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் இயங்குகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஒன்று நடத்துகிறது.

இதன் திறன் மிகச் சிறிது. வெளியாகும் ஆற்றல் 100 வாட் அளவே. ஆன்டெனாக் கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேல் கூடாது. பண்பலை நேர்கோட்டில் செல்வது. நடுவே குன்றோ உயர்ந்த கட்டடமோ இருந்தால் தடைபடும். சாதாரணமாகச் சுற்றிலும் 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். வேம்பார்ப் பகுதி போன்ற சமவெளியில் தடை குறைவு. கடற்பக்கம் தடையே இல்லை. எனவே கரையை ஒட்டி மீன் பிடிக்கும் நாட்டுப் படகுக்கும் எட்டும்.

10 கிலோமீட்டர்தானா என்று கேட்கத் தோன்றும். அந்தச் சிறு வட்டம்தான் இதன் பலம். அந்த வட்டத்துக்குள் மண் பெரும்பாலும் ஒன்று, மழை ஒன்று, சந்தை ஒன்று. பேசுகிறவரைக் கேட்கிறவருக்குத் தெரியும். பொய் சொன்னால் மறுநாள் டீக்கடையில் பிடித்துவிடுவர்.

பாம்பனிலும் மாச்சனூரிலும்

வேம்பாருக்கு வடகிழக்கே, இதே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-ம் தேதி "கடல் ஓசை" என்ற சமுதாய வானொலி தொடங்கியது. 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் இது மீனவருக்காக மீனவரே நடத்துவது. காற்று நிலை, கடலின் தன்மை, மீன்வளம் காத்தல், உடல்நலம் எல்லாம் கடற்கரைப் பேச்சிலேயே வருகின்றன. "சமுத்திரம் பழகு" என்ற நிகழ்ச்சியில் பருவநிலை மாறி வருவதைப் பற்றிய செய்திகளைச் சொல்கின்றனர். காற்றும் மீனும் முன்போல் இல்லை என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர்கள் அதற்கு விளக்கமும் கேட்டுக்கொள்கின்றனர்.

நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் ஆழிப்பேரலைக்குப் பின் தோன்றிய களஞ்சியம் வானொலி, பேரிடரை எதிர்கொள்ளக் கரையோர மக்களைத் தயார் செய்வதைத் தன் நோக்கமாகக் கொண்டது.

விவசாயிகள் அதிகம் கவனிக்க வேண்டியது தெலங்கானாவில் மாச்சனூர் என்ற சிற்றூரில் 2008 அக்டோபர் 15-ம் தேதி தொடங்கிய சங்கம் வானொலி. கல்வி வளாகத்துக்கு வெளியே நாட்டில் அமைந்த முதல் சமுதாய வானொலி அது. அதை நடத்துவோர் தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறு விவசாயப் பெண்கள். புன்செய் நிலத்தில் தினை, சாமை, சோளம் விளைவிப்பவர்கள். எந்த விதையை எப்படிச் சேமிப்பது, எதனோடு எதைக் கலந்து விதைப்பது என்று பேசுகின்றனர். பழம்பாடல் பாடுகின்றனர். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்கே போய், களை எடுப்பவரிடம் பேட்டி காண்கின்றனர். பெரிய படிப்பு இல்லாதவர்களால் இது ஆகுமா என்ற ஐயத்துக்கு அவர்கள் நடைமுறையில் பதில் சொல்லிவிட்டனர்.

காட்டு வேலையைச் சொல்லும் முறை

உள்ளூர் வானொலியில் வேளாண்மைச் செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். துண்டுப் பிரசுரத்தை அப்படியே வாசித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வதாக அமைத்தால் காதில் நிற்கும். கரிசல் பக்கத்துக்கு ஏற்ற ஒரு மாதிரி உரையாடல் வருமாறு:

"அண்ணாச்சி, நம்ம மக்காச்சோளத்துல குருத்து பூரா சல்லடையாக் கெடக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"எத்தன நாள் பயிரு தம்பி?"

"இருவது நாள் இருக்கும்."

"எலையில ரோமம் மூடுன மாதிரி முட்டைக் கூட்டம் கெடக்கான்னு பாத்தியா?"

"அதப் பாக்கலியே."

"அதத்தான் மொதல்ல பாக்கணும். கண்டா எலையோட கிள்ளி நசுக்கிரு. சரி, புழு எப்படி இருக்கு? தலையில கவட்டைக் கம்பக் கவுத்து வச்ச மாதிரி வெள்ளைக் கோடு இருக்கா? வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளி?"

"ஆமா, அதேதான் அண்ணாச்சி."

"அப்பம் படைப்புழுதான். மருந்த மேலாக்க வீசுனா வீண். குருத்துக்குள்ள விழணும். வெயில் தாழத் தெளி. எந்த மருந்து, எம்புட்டுன்னு வேளாண் ஆபீசுல கேட்டுக்க. கடையில குடுத்தத வாங்கிட்டு வந்துராத."

"அடுத்த வெள்ளாமைக்கு என்ன செய்ய?"

"கடைசி உழவுல ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடு. வரப்போரம் தட்டப்பயறு ஊனு. அக்கம்பக்கத்துல எல்லாரும் ஒரே சமயத்துல விதைங்க. ஒருத்தன் முந்தி ஒருத்தன் பிந்துனா புழுவுக்குத்தான் கொண்டாட்டம்."

இந்தப் பேச்சில் அறிகுறி, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, அடுத்த பருவத்துக்கான முன்னேற்பாடு எல்லாம் வந்துவிட்டன. கேட்டவர் மறுநாள் காட்டுக்குப் போய்ப் புழுவின் தலையைப் பார்ப்பார். அதுவே நிகழ்ச்சியின் பயன்.

இதுபோலவே பருவ முந்திய விதைப்பைப் பற்றியும் சொல்லலாம். கரிசல் நிலத்துக்கென்றே 1901 முதல் இயங்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், மழைக்கு முன் புழுதியில் விதைக்கும் முறையை நன்கு ஆராய்ந்துள்ளது. சோள விதையை, லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் 6 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்திக் கொள்ள வேண்டும். பிறகு ஏக்கருக்கு 6 கிலோ வீதம் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கலாம். லேசான தூறலுக்கு விதை ஏமாறாது, நல்ல மழைக்கே முளைக்கும். சென்ற ஆண்டு இதைச் செய்து பார்த்த பக்கத்து ஊர் விவசாயி தம் வாயால் விளைச்சலைச் சொன்னால், அதிகாரி பத்து முறை சொல்வதைவிட அது எடுபடும். சரியாக வராதவரையும் பேசவிட வேண்டும். எங்கே தவறியது என்பதும் பாடமே.

வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் வானிலை அறிவுரை வெளியிடுகின்றன. கடல் நிலை அறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் தருகிறது. இவற்றை எடுத்து, ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும்.

உடல்நலமும் ஊர்க் காரியமும்

காட்டு வேலைக்காரருக்குப் பாம்புக்கடி பெரும் ஆபத்து. கடித்த இடத்தைக் கீறக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, காலை அசைக்காமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை மாதம் ஒரு முறையாவது சொல்ல வேண்டும். பிழைத்து வந்தவர் ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுக்கலாம் என்பதைத் தாய்மார்கள் பாட்டாகவே கட்டிவிடலாம்.

ஊராட்சிக் காரியங்களும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட வேண்டும். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பொருள் என்பது முதல் நாளே எல்லார் காதிலும் விழுந்தால் வருகிறவர் தொகை கூடும். கண்மாய் மராமத்து, பயிர்க் காப்பீட்டுக் கெடு, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வந்த நாள், கால்நடைத் தடுப்பூசி முகாம் இவை சிறு செய்திகள்தாம். சிறு விவசாயிக்கு இவற்றில் ஒன்று தவறினால் ஒரு வருஷத்துக் கணக்கே தவறிவிடும்.

பாட்டும் கதையும்

வேலைச் செய்தி மட்டுமே சொன்னால் கேட்போர் குறைவர். வில்லுப்பாட்டும் ஒயிலாட்டமும் இந்த மாவட்டத்துச் சொத்து. தேவராட்டத்துக்குக் கோவில்பட்டிப் பக்கத்து ஜமீன் கோடாங்கிபட்டி பெயர் பெற்றது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும், நடவு, களையெடுப்புப் பாட்டும் வயதானவர் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. முத்துக்குளிப்பு தூத்துக்குடிக் கடலில் கடைசியாக நடந்தது 1961-ல். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதியவர்களாகிவிட்டனர். பனை ஏறுவோர் தொகையும் குறைந்து வருகிறது. பாளை சீவும் பக்குவம், கருப்பட்டிப் பதம் பார்க்கும் முறை இவை ஏட்டில் இல்லை. இவர்கள் போய்விட்டால் அந்த அறிவும் போய்விடும். ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் பேசியதைப் பதிவு செய்து வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

வட்டாரப் பேச்சைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. இடைசெவலில் பிறந்து விவசாயம் செய்து வந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே உண்டாக்கினார். மழைக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் கரிசல்காரனிடம் உள்ள சொற்கள் பட்டணத்தில் இல்லை.

தொடங்கும் வழி

தனி ஆளோ, அரசியல் கட்சியோ, லாபம் கருதும் நிறுவனமோ சமுதாய வானொலி நடத்த முடியாது. பதிவு பெற்று மூன்றாண்டுகளாவது சமுதாயப் பணி செய்த தொண்டு நிறுவனமோ, கல்வி நிலையமோ, வேளாண் அறிவியல் நிலையமோ விண்ணப்பிக்க வேண்டும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் "பிராட்காஸ்ட் சேவா" இணையதளம் வழியாக விண்ணப்பம் போகிறது. உள்துறை முதலிய துறைகளின் ஒப்புதலும் அலைவரிசை ஒதுக்கீடும் கிடைத்த பின்பே ஒலிபரப்பலாம். நாளாகும், பொறுமை வேண்டும்.

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும். சொந்தமாக அரசியல் செய்தி ஒலிபரப்ப இடமில்லை, ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அஞ்சல் செய்யலாம். உள்ளூர் வானிலை, சந்தை நிலவரம், குடிநீர், மின்தடை, திருவிழா அறிவிப்புகளுக்குத் தடையில்லை. 2024-ல் திருத்திய விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் ஏற்கலாம். நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே நன்றாகப் பதிவு செய்யலாம். வாரம் ஒரு நாள் 15 நிமிட நிகழ்ச்சி தயாரித்து, வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்பலாம். மகளிர் குழுக் கூட்டத்திலும் பால் சங்கத்திலும் போட்டுக் கேட்டுப் பேசலாம். ஊர் ஒலிபெருக்கி என்றால் காவல் துறை அனுமதி பெற்று, இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். இப்படி ஆறு மாதம் விடாமல் நடத்திப் பார்த்தால், பேசத் தெரிந்தவர் யார், பொறுப்பானவர் யார், ஊர் எதைக் கேட்க விரும்புகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

முதலாவது, பொய்ச் செய்தி. 2004 ஆழிப்பேரலைக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-ம் தேதி மீண்டும் அலை வருகிறது என்ற தவறான எச்சரிக்கை பரவிக் கடற்கரை முழுவதும் மக்கள் அலறி ஓடினர். ஆபத்துச் செய்தி எதையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் 1077 என்ற எண்ணில் கேட்டு உறுதி செய்த பின்பே சொல்ல வேண்டும். பயிர் மருந்தின் பெயரும் அளவும் அப்படியே. சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

இரண்டாவது, ஒரே தெருவின் குரலாக ஆகிவிடுதல். கடற்கரைத் தெருவும், பனைத் தொழிலாளர் குடியிருப்பும், காலனியும், மேற்குக் காட்டுப் பட்டிகளும் முறை வைத்துப் பேசினால்தான் அது ஊர் வானொலி. இல்லையெனில் மற்றவர்கள் பெட்டியை மூடிவிடுவர்.

மூன்றாவது, சினிமாப் பாட்டால் நேரத்தை நிரப்புதல். பாட்டுக்கு வேறு நிலையங்கள் எத்தனையோ உண்டு. மழைக்கணக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

நான்காவது, தொடங்கிய வேகத்தில் கைவிடுதல். கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடும். மாதாமாதம் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் கட்டுவதுதான் கடினம். வீட்டுக்கு மாதம் சிறு தொகை, கடைகளின் விளம்பரம், திருவிழா நன்கொடை என்று வருமானத்துக்கு வழி வகுத்த பின் இறங்க வேண்டும்.

மழைமானியில் தொடங்கலாம்

பெரிய ஏற்பாடு ஏதும் இல்லாமலே ஒரு வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். ஊருக்கு ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, பக்கத்துப் பட்டிகளின் அளவையும் போனில் கேட்டுச் சேர்த்து, ஒரு நிமிடக் குரல் பதிவாக எல்லாருக்கும் அனுப்புவதே அது. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவர். விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று புரட்டாசி மாதத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும் விவசாயிக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு மூட்டை விதையைக் காப்பாற்றும். நாள் தவறாமல் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தால் ஊர் அதை நம்பத் தொடங்கும். நல்லவாட்டில் மக்களை எழுப்பி ஓட வைத்தது அந்த நம்பிக்கைதான்.